இன்பர்மேஷன் சிஸ்டம்னா சாப்ட்வேர் தானே? ஆபீஸ்ல ஈஆர்பி வருது, ஒரே குழப்பமா இருக்கு

கத்துக்குட்டி22
எல்லாருக்கும் வணக்கம். நான் படிச்சது காமர்ஸ், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனில பர்ச்சேஸ் செக்‌ஷன்ல சேந்து எட்டு மாசம் ஆகுது. இப்ப புதுசா ஈஆர்பி (பர்ச்சேஸ், ஸ்டாக், சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா பாக்குற சாப்ட்வேர்) போடுறாங்க, என்னைய "கீ யூசர்"னு, அதாவது எங்க ஆளுங்க சார்பா அத முதல்ல கத்துக்க வேண்டிய ஆளுன்னு, பேர் குடுத்துட்டாங்க (யாரும் கைய தூக்கல, நான் லீவுல இருந்தேன், அவ்ளோ தான்). மேனேஜர் "இன்பர்மேஷன் சிஸ்டம் பேசிக்ஸ் கொஞ்சம் படிச்சுட்டு வா"ன்னாரு. படிச்சேன். ஹார்டுவேர், சாப்ட்வேர், டேட்டா, ஆளுங்க, ப்ராசஸ்னு அஞ்சு பாகம், தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா ஒண்ணும் புரியல. கடைசில இது ஒரு சாப்ட்வேர் தானே? அதுக்கு எதுக்கு தனியா ஒரு சப்ஜெக்ட், தனியா ஒரு டிகிரி? பிசினஸுக்கு இதனால நிஜமா என்ன ஆகுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், புக்ல இருக்குறத காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க.

பழைய_லெட்ஜர்
தம்பி, முதல்ல அந்த அஞ்சுல இருந்து ஹார்டுவேர், சாப்ட்வேர் ரெண்டையும் தூக்கி ஓரமா வைங்க. மீதி மூணும் இருந்தாலே ஓடும். நான் வேலைக்கு சேந்தப்ப கரண்ட் இல்லாமலே ஓடுச்சு. டே புக், பேரேடு, ஸ்டாக் ரெஜிஸ்டர், மூணு காப்பி சலான் (ஒண்ணு வாங்குறவருக்கு, ஒண்ணு அக்கவுண்ட்ஸுக்கு, ஒண்ணு குடோனுக்கு), அதுவும் முழுசா ஒரு இன்பர்மேஷன் சிஸ்டம் தான். இரட்டைப் பதிவு முறைய லூகா பசோலி அச்சுல போட்டது 1494ல. அதுக்கு முன்னாடியே வியாபாரிங்க அப்படித்தான் எழுதிட்டு இருந்தாங்க.

டேட்டா வேற, இன்பர்மேஷன் வேறன்னு புக்ல ஒரு வரி இருந்திருக்கும், படிச்சுட்டு தாண்டி போயிருப்பீங்க. அதுல தான் விஷயமே இருக்கு. "47"ன்னு ஒரு நம்பர் இருக்கு, அது டேட்டா. ஒரு பேரிங் 47 இருக்கு, ஒரு நாளைக்கு அஞ்சு விக்குது, ஆர்டர் போட்டா சப்ளையர் அனுப்ப ஒன்பது நாள் ஆகுது, அப்படின்னா கைல இருக்குறது ஒன்பது நாளைக்கு தான் வரும், ஆர்டர இன்னிக்கே போடணும், நாளைக்கு போட்டா லேட்டு. அந்த "இன்னிக்கே போடணும்" தான் இன்பர்மேஷன். அதே 47 ரெண்டு நாள் கழிச்சு உங்க மேசைக்கு வந்தா அது வெறும் நம்பர் தான், ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னொண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். பிசினஸ் வேலைக்கு முதல்ல கம்ப்யூட்டர ஓட்டுனது யாருன்னு தெரியுமா? பிரிட்டன்ல லயன்ஸ்னு ஒரு கேட்டரிங் கம்பெனி. விக்கிறதுக்கு எவனும் செஞ்சு வைக்கலன்னு அவங்களே லியோன்னு ஒரு கம்ப்யூட்டர் கட்டி 1951ல பேக்கரி கணக்க அதுல ஓட்டுனாங்க. ஆனா அதுக்கு 20 வருஷம் முன்னாடியே, 1931லயே, ஆபீஸ் வேலை எப்படி நடக்குது, எந்த பேப்பர் வேஸ்டு, எத யாரு எதுக்கு ரெண்டு தடவை எழுதுறாங்கன்னு பாக்க தனியா ஒரு டிபார்ட்மென்ட்டே வச்சிருந்தாங்க. வேலைய ஒழுங்கு பண்ணிட்டு அப்புறம் தான் மிஷின். இப்ப எல்லாரும் மிஷின வாங்கிட்டு வேலைய அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காங்க.

டேட்டாபேஸ்காரன்
லெட்ஜர் அண்ணன் சொன்னது சரி, நான் சாப்ட்வேர் பக்கத்துல இருந்து சொல்றேன். நீங்க ஒரு பில் போடுறீங்கன்னு வைங்க. ஒரே ஒரு பில். அதுல ஸ்டாக் குறையணும், கஸ்டமர் தர வேண்டிய பாக்கி ஏறணும், டாக்ஸ் கணக்குல ஒரு வரி போகணும், சேல்ஸ்மேன் கமிஷன் ஏறணும், ரீஆர்டர் லெவலுக்கு கீழ போச்சுன்னா பர்ச்சேஸுக்கு தகவல் போகணும். பழைய முறைல இத அஞ்சு பேரு அஞ்சு இடத்துல எழுதுவாங்க, மாச கடைசில அஞ்சும் டேலி ஆகாது, அப்புறம் உக்காந்து தேடுவாங்க. ஈஆர்பியோட அடிப்படை ஐடியா ஒண்ணே ஒண்ணு தான், ஒரு விஷயத்த ஒரு தடவை ஒரு இடத்துல எழுது, வேணுங்கறவன் எல்லாம் அங்க வந்து படிச்சுக்கட்டும். இதுக்கு அஸ்திவாரம் போட்டது ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் 1970ல எழுதுன ரிலேஷனல் மாடல் (டேட்டாவ ஒண்ணோட ஒண்ணு தொடர்பு உள்ள அட்டவணைகளா வைக்கிற முறை) பேப்பர், இன்னிக்கும் பெரும்பாலான பிசினஸ் டேட்டாபேஸ் அது மேல தான் நிக்குது.

டிரான்சாக்‌ஷன்னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும், அதையும் புடிச்சுக்கோங்க. ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு பணம் மாத்துறீங்க, இங்க கழிச்சாச்சு, அங்க கூட்டுறதுக்குள்ள கரண்ட் போச்சு. பணம் எங்க? நடந்தா ரெண்டும் நடக்கணும், இல்லன்னா ரெண்டுமே நடக்காத மாதிரி பழையபடி ஆகணும். பாதில நிக்கிறதுங்கறதே கிடையாது. எக்செல்ல இது கிடையாது பாத்துக்கோங்க.

புக்ல டிபிஎஸ், எம்ஐஎஸ், டிஎஸ்எஸ்னு முக்கோணம் போட்டிருப்பாங்களே, அத மனப்பாடம் பண்ண வேணாம். தினசரி பில் போடுறது அடி, அது தான் டிபிஎஸ். அந்த பில்ல எல்லாம் கூட்டி "போன மாசத்த விட இந்த மாசம் எந்த ஐட்டம் மந்தம்"னு மேனேஜருக்கு ரிப்போர்ட் குடுக்கறது நடு, எம்ஐஎஸ். "இந்த ஐட்டத்த நிறுத்திட்டா என்ன ஆகும், இன்னொரு குடோன் போட்டா என்ன ஆகும்"னு போட்டுப் பாக்கறது மேல, டிஎஸ்எஸ். அடில தப்பா போனா மேல எவ்ளோ அழகா கிராப் போட்டாலும் தப்பு தான், கலர் கலரா தப்பு.

சும்மா_கேக்குறேன்
மன்னிச்சுக்கோங்க, எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல. எங்க கம்பெனில 11 எக்செல் ஷீட்டு, நாலு பேரு, ஆறு வருஷமா ஓடுது, ஒரு பிரச்சனையும் இல்ல. ஈஆர்பிங்கறது கன்சல்டன்ட் பொழப்புக்கு கண்டுபிடிச்சது.

நைட்ஷிப்ட்
ஒரு பிரச்சனையும் இல்லையா, இல்ல பிரச்சனை இருக்குறது தெரியலையா ப்ரோ? 😄 2020ல இங்கிலாந்துல கோவிட் டெஸ்ட் ரிசல்ட்ட லேப்ல இருந்து வாங்கி எக்செல்ல ஏத்துனாங்க, அதுவும் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட். அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரி தான் கொள்ளும். அதுக்கு மேல வந்தது சத்தம் போடாம விழுந்துடுச்சு. கிட்டத்தட்ட 16,000 பாசிட்டிவ் கேஸ், ஒரு வாரம் கணக்குலயே வரல, அவங்க கூட பழகுனவங்கள தேடுற வேலையும் அவ்ளோ நாள் தள்ளிப் போச்சு. எரர் மெசேஜ் வந்து நின்னிருந்தா யாராவது பாத்திருப்பாங்க, ஆனா அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. நான் சப்போர்ட்ல இருக்கேன், படுத்துக்கிட்ட சிஸ்டம் எனக்கு பயம் இல்ல, தப்பா நடந்துக்கிட்டே சிரிச்சுட்டு இருக்குற சிஸ்டம் தான் பயம்.

சும்மா_கேக்குறேன்
அது பழைய ஃபார்மட்டோட தப்பு. இப்ப 10 லட்சம் வரிக்கு மேல தாங்குது.

ஆடிட்_அக்கா
எக்செல்ல எத்தனை வரிங்கற கணக்க விடுங்கப்பா. சும்மா_கேக்குறேன் சொல்றதுல ஒரு பாதி எனக்கு சரின்னு தான் படுது, நாலு பேரு ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாக்குறப்ப எக்செல் போதும், தப்பு நடந்தா திரும்பி பாத்து கேட்டுக்கலாம். அஞ்சாவது ஆள் வேற ஊர்ல உக்காந்ததும் தான் தகராறு ஆரம்பிக்கும். எக்செல் யோசிக்கறதுக்கு நல்ல கருவி, பதிஞ்சு வைக்கறதுக்கு கிடையாது. ஒரு செல்ல யாரோ மாத்துனா, யாரு எப்ப மாத்துனா, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு காட்டுங்கன்னு நான் கேட்டா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க. அப்புறம் "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதான்"னு மூணு ஃபைல் வரும்.

நான் ஒரு இடத்துக்கு ஆடிட் போனேன், பேரு வேணாம். சப்ளையரோட பேங்க் அக்கவுண்ட் நம்பர மாத்துறதும் ஒரே ஆளு, பேமென்ட்ட அப்ரூவ் பண்றதும் அதே ஆளு. அவரு தப்பு பண்ணல, நல்ல மனுஷன், ஆனா பண்ணியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அது தான் என் பிரச்சனை. கத்துக்குட்டி, நீங்க பர்ச்சேஸ்ல இருக்கீங்க, இத கெட்டியா புடிச்சுக்கோங்க: நாம என்ன ஆர்டர் போட்டோம், குடோனுக்கு என்ன வந்துச்சு, சப்ளையர் எதுக்கு பில் அனுப்பியிருக்காரு. பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என் (சரக்கு வந்து சேந்ததுக்கு போடுற சீட்டு), இன்வாய்ஸ். மூணும் ஒத்துப் போனா தான் பணம். மூணையும் மூணு வேற வேற ஆளு போடணும். இந்த ஒரு விஷயத்த கம்ப்யூட்டர் சலிக்காம பாக்கும், மனுஷன் நாப்பதாவது பில்லுல தூங்கிடுவான்.

ரேக்7
எல்லாரும் மேல இருந்து பேசுறீங்க கீழ இருந்து நான் ஒண்ணு சொல்றேன் குடோன்ல பன்னண்டு வருஷமா இருக்கேன் எங்களுக்கும் பெரிய செலவுல சிஸ்டம் போட்டாங்க போடுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேக்கல. லோடு சாயந்தரம் ஆறு மணிக்கு வரும் என்ட்ரி போடுற பொண்ணு அஞ்சரைக்கு கிளம்பிடும் அப்ப மறுநாள் காலைல பத்து மணிக்கு தான் என்ட்ரி ஆகும், அதுக்குள்ள சேல்ஸ்ல ஒருத்தர் சிஸ்டத்த பாத்துட்டு ஸ்டாக் இல்லன்னு கஸ்டமர திருப்பி அனுப்பிடுவாரு, சரக்கு என் கண்ணு முன்னாடி அடுக்கி இருக்கு. அப்புறம் இந்த பெட்டி பீஸ் கதை, ஒரு பெட்டில 24 இருக்கும் வாங்குறது பெட்டி கணக்கு விக்குறது பீஸ் கணக்கு, 10 பெட்டி வந்தா யாரோ 10னு மட்டும் போட்டுடுவாங்க 240 இருக்க வேண்டிய இடத்துல 10 காட்டும், சரி பண்றேன்னு வேற யாரோ 240 பெட்டின்னு மாத்துவாங்க. கடைசில ஏட்டுச் சுரைக்காய் மாதிரி சிஸ்டத்துல சரக்கு இருக்கும் ரேக்ல இருக்காது. நான் சட்டைப் பையில ஒரு நோட்டு வச்சிருக்கேன் எது எங்க எவ்ளோன்னு. மேனேஜர் கூட அவசரம்னா சிஸ்டத்த பாக்க மாட்டாரு எனக்கு தான் போன் பண்ணுவாரு. இப்ப சொல்லுங்க எங்க கம்பெனியோட இன்பர்மேஷன் சிஸ்டம் எது அந்த சர்வரா என் நோட்டா.

பழைய_லெட்ஜர்
உங்க நோட்டு தான். சந்தேகமே இல்ல.

டேட்டாபேஸ்காரன்
நோட்டுல இருக்குறது ரேக்7 லீவு போட்டா யாருக்கும் தெரியாதே அண்ணே, அது தானே பிரச்சனை. ஆனா பெட்டி பீஸ் விஷயம் நூத்துக்கு நூறு. டார்கெட்னு பெரிய அமெரிக்க ரீடெய்ல் கம்பெனி 2013ல கனடாவுக்குள்ள நுழைஞ்சாங்க, 2015 ஜனவரில மூடுறோம்னு அறிவிச்சாங்க, மொத்தம் 133 கடை. காரணம் பல இருக்கு, விலை, இடம், அவசரம்னு. ஆனா அதுல முக்கியமான ஒண்ணு ஐட்டம் மாஸ்டர், அதாவது ஒவ்வொரு ஐட்டத்தோட அளவு, எண்ணிக்கை விவரம் எல்லாம் இருக்குற பட்டியல். புது சிஸ்டத்துல ஆயிரக்கணக்கான ஐட்டத்த அவசர அவசரமா ஏத்துனாங்க, சென்டிமீட்டர் போட வேண்டிய இடத்துல இன்ச், நீளத்துக்கு பதிலா அகலம், ஒரு பெட்டிக்கு எத்தனைங்கறதுல தப்பு. வேர்ஹவுஸ் நிரம்பி வழியுது, கடைல ஷெல்ஃப் காலி. யூசருங்க டேட்டாவ ஒழுங்கா போட்டிருந்தா

ரேக்7
இதோ வந்துட்டாரு யூசருங்க தப்புன்னு சொல்ல

டேட்டாபேஸ்காரன்
சரி சரி, வாபஸ். ஸ்க்ரீன்ல "எண்ணிக்கை"ன்னு வெறும் ஒரு கட்டம் வச்சுட்டு பக்கத்துல பெட்டியா பீஸான்னு கேக்காம விட்டது எங்க ஆளுங்க தப்பு தான். ஒப்புக்கறேன்.

கத்துக்குட்டி22
அடேங்கப்பா, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. ரேக்7 அண்ணே, எங்க குடோன்லயும் ஒரு அண்ணன் கைல நோட்டு இருக்கு, இப்ப தான் கவனிச்சேன். ஒரு சந்தேகம், சிஸ்டம் ஒண்ணு சொல்லுது, ஆளு வேற சொல்றாரு, அப்ப யார நம்புறது? எங்க ட்ரெய்னிங்ல "சிஸ்டம் தான் ஒரே உண்மை"ன்னு ஸ்லைடு போட்டாங்க.

ஆடிட்_அக்கா
அந்த ஸ்லைட முதல்ல எடுக்க சொல்லுங்க. பிரிட்டன்ல போஸ்ட் ஆபீஸுக்கு ஹொரைசன்னு ஒரு கணக்கு சிஸ்டம், புஜிட்சு குடுத்தது, 1999ல இருந்து கிளைக்கு கிளை போட்டாங்க. கிளைய நடத்துறவங்க சின்ன கடைக்காரங்க மாதிரி, தனித்தனி ஆளுங்க. சிஸ்டம் திடீர்னு காட்டும், உங்க கணக்குல இவ்ளோ பணம் குறையுதுன்னு. நான் எடுக்கலையேன்னு அவங்க சொல்ல, கம்ப்யூட்டர் சொல்லுதேன்னு நிர்வாகம் சொல்ல, கைக்காச போட்டு கட்டுனவங்க இருக்காங்க, வீட்ட வித்தவங்க இருக்காங்க, ஜெயிலுக்கு போனவங்க இருக்காங்க, உயிர விட்டவங்களும் இருக்காங்க. 1999க்கும் 2015க்கும் நடுவுல 900 பேருக்கு மேல தண்டனை. உதவி கேட்டு போன் பண்ணா "உங்களுக்கு மட்டும் தான் இப்படி வருது"ன்னு பல பேருக்கு பதில் வந்திருக்கு! அங்க சட்டமும் அதுக்கு ஏத்த மாதிரி, மறுத்து காட்டாத வரை கம்ப்யூட்டர் சரியா தான் ஓடுதுன்னு கோர்ட் எடுத்துக்கும். அவங்க எதைக் காட்டி மறுப்பாங்க, உள்ள என்ன நடந்துச்சுன்னு பாக்குற வசதியே அவங்க ஸ்க்ரீன்ல இல்ல. வெளிய இருந்து புஜிட்சு ஆளுங்க கிளைக் கணக்குல கை வைக்க முடியும்ங்கறதையே ரொம்ப வருஷம் மறுத்தாங்க. 2019ல தான் ஹைகோர்ட், சிஸ்டத்துல கோளாறு இருந்துச்சுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, 2024ல தனி சட்டம் போட்டு தண்டனைகள ரத்து பண்ணாங்க.

நான் இத படிச்சதுல இருந்து ஆடிட் போற இடத்துல எல்லாம் ஒரு கேள்வி சேத்துக்கிட்டேன். "சிஸ்டம் தப்புன்னு ஒரு கடைநிலை ஊழியர் சொன்னா, அவரு எங்க போயி சொல்லணும், யாரு பாப்பாங்க, எத்தனை நாள்ல பதில்?" முக்கால்வாசி இடத்துல பதில் கிடையாது. யார நம்புறதுன்னு கேட்டீங்களே, ரெண்டு பேரையும் நம்பாதீங்க, போயி எண்ணிப் பாருங்க.

நைட்ஷிப்ட்
ஹொரைசன் படிச்சா தூக்கம் வராது. என் பக்கத்து கதை ஒண்ணு. 2023 ஆகஸ்ட்ல டொயோட்டா ஜப்பான்ல 14 பிளான்ட்ட ஒரே நாள்ல நிறுத்துனாங்க. ஹேக் இல்ல, நிலநடுக்கம் இல்ல. பார்ட்ஸ் ஆர்டர் பாக்குற சர்வர்ல மெயின்டனன்ஸ் பண்ணப்ப டிஸ்க்ல இடம் பத்தல! பேக்கப் சர்வர் இருந்துச்சு, ஆனா அதுவும் அதே அமைப்புல இருந்ததால அதுவும் மாட்டிக்கிச்சு. ஆளுங்க இருக்காங்க, ரோபோ இருக்கு, ஆனா எந்த பார்ட்ஸ் எப்ப வரணும்னு சொல்றதுக்கு வழி இல்லன்னா லைன் ஓடாது. இன்பர்மேஷன் சிஸ்டம் பிசினஸுக்கு "உதவி"ன்னு புக்ல போட்டிருப்பாங்க, அப்படி இல்ல, அது நின்னா பிசினஸே நிக்குது. கத்துக்குட்டி, உங்க வெண்டர் கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க, இது படுத்தா எவ்ளோ நேரத்துல எழும், எழும்போது எத்தனை மணி நேர டேட்டா காணாம போயிருக்கும். அப்புறம் பேக்கப்ல இருந்து கடைசியா எப்ப நிஜமா ரீஸ்டோர் பண்ணிப் பாத்தீங்கன்னு கேளுங்க, முகத்த பாருங்க.

சும்மா_கேக்குறேன்
எல்லாம் சரி, இது வரைக்கும் எல்லாரும் சொன்னது நஷ்டக் கதை. லாபம் எங்க? காசு போட்டா காசு வருமா?

பழைய_லெட்ஜர்
நியாயமான கேள்வி. வாங்குனதும் வராது. 1987லயே பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ கிண்டலா எழுதுனாரு, கம்ப்யூட்டர எங்க பாத்தாலும் பாக்க முடியுது, உற்பத்தித்திறன் கணக்குல மட்டும் காணோம்னு.

வந்த கதை ஒண்ணு சொல்றேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல 1950கள் வரைக்கும் சீட்டு கணக்கு அட்டைல தான், சுத்துற பெட்டில அட்டை, அத சுத்தி ஆளுங்க உக்காந்து தேடி குறி போடுவாங்க, ஒரு புக்கிங் முழுசா முடிய சராசரியா ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். 1953ல அந்த கம்பெனி தலைவரும் ஐபிஎம் சேல்ஸ்மேன் ஒருத்தரும் தற்செயலா ஒரே பிளைட்ல பக்கத்து பக்கத்து சீட்டு, ரெண்டு பேரு பேரும் ஸ்மித். பேச்சு வளந்து சேபர்னு ஒரு சிஸ்டம் ஆச்சு, 1964க்குள்ள மொத்த புக்கிங்கும் அதுல வந்துடுச்சு. வேகம் வந்தது முதல் லாபம், அத எவனும் காசு போட்டா வாங்கலாம். நிஜ லாபம் பின்னாடி வந்துச்சு. எந்த ரூட்ல எந்த நாள்ல எத்தனை சீட்டு எவ்ளோ முன்னாடி விக்குதுன்னு வருஷக்கணக்கா டேட்டா சேந்துடுச்சு. அத வச்சு தான் 80கள்ல எந்த சீட்ட குறைச்சு விக்கலாம், எத கடைசி நிமிஷத்துல வர்றவனுக்கு புடிச்சு வைக்கணும்னு கணக்கு போட்டு, மலிவா விக்க வந்த போட்டிக்காரங்கள சமாளிச்சாங்க. டிக்கெட் போடுறதுக்குன்னு வச்சது, விலை போடுறதுக்கு உதவுச்சு. ஆனா கவனிங்க, கீழ அந்த புக்கிங் பதிவு சுத்தமா இருந்ததால தான் மேல அது முடிஞ்சுது.

சும்மா_கேக்குறேன்
ம்ம். இது நல்லா இருக்கு. நான் இன்னும் ஈஆர்பி வாங்க போறதில்ல, ஆனா அந்த 11 ஷீட்ல எதுல எத யாரு மாத்தலாம்னு ஒரு பேப்பர்ல எழுதுறேன். அக்கா சொன்னதுல அது மட்டும் உறைக்குது.

ஆடிட்_அக்கா
அது போதும் 👍 செலவே இல்லாத சிஸ்டம்.

கத்துக்குட்டி22
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். அக்கா எண்ணிப் பாருங்கன்னு சொன்னாங்கல்ல, பழைய சிஸ்டத்துல இருந்து சும்மா 40 ஐட்டம் எடுத்து குடோனுக்கு போனேன். 29 சரியா இருந்துச்சு, 11 டேலி ஆகல. அந்த 11ல 7 பெட்டி பீஸ் குழப்பம் (ரேக்7 அண்ணே 🙏), 3 சாயந்தரம் வந்து என்ட்ரி ஆகாத லோடு. மீதி ஒண்ணு, ஒரு வால்வு, சிஸ்டத்துல 6, ரேக்ல சைபர், என்ன ஆச்சுன்னே தெரியல. மேனேஜர் கிட்ட காட்டுனேன், "அதெல்லாம் கோ லைவுக்கு (புது சிஸ்டம் ஓட ஆரம்பிக்கறதுக்கு) அப்புறம் சரி பண்ணிக்கலாம்"னு ஆரம்பிச்சாரு. 11 ஐட்டத்தையும் புது சிஸ்டத்துல அப்படியே ஏத்துனா முதல் நாளே சேல்ஸ்ல யாரு யாருக்கு இல்லன்னு சொல்லுவாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டு குடுத்தேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. இப்ப யூனிட் எல்லாம் சரி பாத்துட்டு தான் டேட்டா ஏத்துறோம், ஒரு மாசம் தள்ளிப் போகுது. லோடு என்ட்ரிய குடோன்லயே போட ஒரு கம்ப்யூட்டர் கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல.

ரேக்7
தம்பி அந்த வால்வு, ரிட்டர்ன் வந்த சரக்கு போடுற மூலை ஒண்ணு இருக்கும் எல்லா குடோன்லயும் இருக்கும் அங்க பாத்தீங்களா

கத்துக்குட்டி22
அண்ணே 😂 அங்க தான் இருந்துச்சு. ஆறும்.